மரக்காலைத் துண்டுகளில் ஒரு கதவு

பரந்தனுக்குக் கிழக்கே உள்ள எமது கிராமத்தில் 2010 ஆம் ஆண்டு நாங்கள் மீளக் குடியமர்ந்தபோது முதலில் தேடியது தண்ணீரை. அடுத்துத் தேடியது விறகை. தண்ணீருக்குக் கிணறு இறைத்துத் துப்புரவாக்கினோம். விறகுக்குக் காட்டுப் பக்கம் போகப் பயம். கண்ணிவெடி அகற்றாத இடங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நட்டிருந்த காலம் அது. ஆகவே இரண்டு வருடங்களின் பின் எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு மரக்காலை திறந்தபோது அங்கு எறியப்படும் துண்டுகளுக்காகச் சாக்குடன் போய் நின்ற பெண்களில் நானும் ஒருத்தி.

மரக்குற்றியை வாளுக்குக் கொடுக்கும்போது வட்டமான வெளிப்பக்கத்தை முதலில் சீவி எடுத்துவிடுவார்கள். பட்டையோடு கூடிய அந்தப் பலகை யாருக்கும் வேண்டாம். பிறகு பலகையின் ஓரங்களை நேராக்கும்போது நீளக் கீலங்கள் விழும். நுனியை அளவுக்கு வெட்டும்போது குட்டைத் துண்டுகள் விழும். மரத்தூள் வேறு. ஒரு குற்றியில் கிட்டத்தட்டப் பாதி இப்படியே போய்விடும். அதைத்தான் நாங்கள் அடுப்பில் வைத்தோம்.

என் அப்பா தச்சுத் தொழிலாளி. சிறு வயதில் அவர் பலகை அரியும்போது மறுமுனையைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. 2009 இல் அவரையும் இழந்தோம், அவருடைய சாமான் பெட்டியையும் இழந்தோம். ஆனால் மரத்தைப் பார்த்தால் இன்ன மரம், இது வைரம், இது வெளிறு என்று சொல்லும் கண் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஒரு நாள் அடுப்படியில் இருந்து விறகு கொத்தும்போது கோடரி பட்ட இடத்தில் தேக்கின் வைரம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு அங்குல அகலம், மூன்றடி நீளம். இதையா எரிக்கிறோம் என்று மனம் கேட்கவில்லை. அதை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். அடுத்த நாள் இன்னொன்றை வைத்தேன். ஒரு மாதத்தில் சுவரோடு ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டது.

“பிள்ளை, உதை வைச்சு என்ன செய்யப்போறாய்? உது அடுப்புக்குத்தான் சரி” என்றா மாமி.

“ஒட்டிப் பார்ப்பம் மாமி” என்றேன்.

அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது. சின்னக் கீலங்களை நார் ஒரே பக்கமாக ஓடும்படி அடுக்கி, பசை பூசி, இறுக்கி, ஒரு பெரிய பலகையாகவோ தடித்த சட்டமாகவோ ஆக்குவது. கடைகளில் நாம் வாங்கும் ஒட்டுப்பலகை வேறு. அதிலே மெல்லிய தகடுகளை ஒன்று நெடுக்காகவும் மற்றது குறுக்காகவும் ஒட்டியிருப்பார்கள். நான் செய்வதில் எல்லாக் கீலமும் ஒரே திசையில் இருக்கும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஜேர்மனியில் வைமார் நகரத்து ஒற்றோ ஹெற்சர் என்ற தச்சுத் தொழிலதிபர் பலகைகளை இப்படி ஒட்டி வளைந்த உத்தரங்கள் செய்வதற்கு 1906 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். அந்தக் காலத்தில் பாலிலிருந்து எடுத்த கேசின் என்னும் பசையைப் பாவித்தார்கள். பால் பசை ஈரத்தைத் தாங்காது. பிற்காலத்தில்தான் மழை வெயிலுக்கு நிற்கும் செயற்கைப் பசைகள் வந்தன. பசையும் ஈரமும் பற்றிய இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு கதவினால் படித்தேன்.

2013 ஆம் ஆண்டு ஒரு நலன்புரி அமைப்பின் வாழ்வாதார உதவியாக எனக்கு ஒரு சிறிய வட்டவாளும் மின்சாரச் சீவுளி ஒன்றும் கிடைத்தன. அந்த நேரம் எங்கள் பகுதியில் எங்கு பார்த்தாலும் வீடு கட்டும் வேலை. 2012 இல் ஆரம்பித்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அத்திவாரமும் சுவரும் எழும்பியதும் பலருக்குக் கையில் காசு முடிந்துவிடும். கதவு, யன்னல் போட வழியில்லாமல் தகரத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி ஒரு அக்கா இருந்தா. குமர்ப்பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டில் ஆண்துணை இல்லை. “தங்கச்சி, எனக்கு முன்கதவு ஒண்டு வேணும். இரவிலை நித்திரை வரேல்லை” என்றா. அவ கேட்டது ஐப்பசி மாதம். மழைக்கு முன் கதவைக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். மரக்காலையிலிருந்து எடுத்து இரண்டு கிழமைகூட ஆகாத வேம்புத் துண்டுகளையும் பழைய தேக்குத் துண்டுகளையும் கலந்து அரிந்தேன். கடையில் கிடைத்த சாதாரண வெள்ளைப் பசையைப் பூசி, கயிற்றால் வரிந்து கட்டி, மறுநாளே அவிழ்த்துச் சீவினேன். பார்வைக்கு அழகான கதவு. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகை மழை சாய்ந்து அடித்து அந்தக் கதவின் கீழ்ப்பாதியை நனைத்துக்கொண்டே இருந்தது. தை மாதம் வெயில் எறிக்கத் தொடங்கியதும் அக்கா வந்தா. கோபிக்கவில்லை. “தங்கச்சி, கதவுக்குள்ளாலை வெளிச்சம் தெரியுது. ஒருக்கால் வந்து பாரன்” என்று மட்டும் சொன்னா.

போய்ப் பார்த்தேன். ஐந்து இடங்களில் ஒட்டு விட்டிருந்தது. ஒரு இடுக்கில் என் சுண்டுவிரல் போனது. மூத்த பிள்ளை அந்த இடுக்கைப் பழைய சீலைத் துண்டால் அடைத்து வைத்திருந்தாள். இரவில் விளக்கு எரிந்தால் வெளியே நிற்பவனுக்கு உள்ளே எத்தனை பேர் என்று தெரியும். அதை நினைத்து அன்று எனக்கு நித்திரை இல்லை.

முன்பு தொழிற்பயிற்சி நிலையமொன்றில் தச்சு வேலை படிப்பித்த ஐயா ஒருவர் எமது பகுதியில் இருந்தார். கதவிலிருந்து கழன்ற இரண்டு கீலங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பசை கள்ளப் பசை போலிருக்கிறது என்று முறையிட்டேன். அவர் கீலங்களை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“பசையிலை பாதிப் பிழைதான் பிள்ளை. மற்றப் பாதி உன்னிலை. மரத்தை நீ காயவிடேல்லை” என்றார்.

அவர் எனக்கு விளங்கப்படுத்தியதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். பச்சை மரத்தில் மரத்தின் சொந்தப் பாரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஏறக்குறைய 30 சதவீதம் வரை தண்ணீர் இறங்கும்போது மரம் சுருங்காது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்கத் தொடங்கும். நீளப்பாட்டில் சுருக்கம் மிகக் குறைவு. அகலப்பாட்டில் அதிகம். நிழலில் நன்றாகக் காய்ந்த மரத்தில் 12 முதல் 15 சதவீதம் வரை ஈரம் இருக்கும். நான் செய்தது என்னவென்றால், சுருங்கி முடிந்த தேக்கையும் சுருங்கவே தொடங்காத வேம்பையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியது. ஒன்று அசையாமல் நிற்க மற்றது இழுத்தது. நடுவிலே இருந்த பசை என்ன செய்யும்? ஒட்டும் கீலங்களுக்கிடையில் ஈரவித்தியாசம் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐயா சொன்னார்.

ஈரத்தை எப்படி அறிவது? அதற்குக் கருவி உண்டு. என்னிடம் இருக்கவில்லை. ஐயா ஒரு சிறிய துண்டை வெட்டி நிறுத்தார். 115 கிராம். அதைப் பயிற்சி நிலையத்து உலர்த்தும் அடுப்பில் 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பாரம் குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுத்தார். 100 கிராம். குறைந்த 15 கிராமைக் காய்ந்த பாரமாகிய 100 ஆல் பிரித்தால் 15 சதவீதம். அடுப்பு இல்லாத நான் இன்றும் செய்வது இதைவிடச் சுலபம். ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று துண்டுகளுக்கு அடையாளமிட்டு, கிழமைக்கு ஒரு தடவை கடைத் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுவேன். மூன்று கிழமை தொடர்ந்து பாரம் மாறாமல் நின்றால் அந்த அடுக்கு காய்ந்துவிட்டது. ஓர் அங்குலத் தடிப்புக் கீலத்துக்கு எங்கள் ஊர் வெயில் காலத்தில் இரண்டு மாதம் பிடிக்கும். மாரியில் காயவே காயாது. ஆகவே மாசி முதல் ஆவணி வரை காயவிட்டு வைத்துக்கொள்வேன். வெயிலில் நேரே போடக் கூடாது, வெடிக்கும். கொட்டிலுக்குள் நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், கீலங்களுக்கிடையே குச்சிகள் வைத்துக் காற்று ஓடும்படி அடுக்க வேண்டும். வெட்டுமுகங்களில் பழைய பெயின்ற் பூசிவிட்டால் நுனி வெடிப்புக் குறையும்.

குற்றியின் வெளிப்பக்கத்தில் வெளிறுதான் கூடுதலாக இருக்கும். வெளிறை உளுவான் விடாது. அதனால் அரிந்தவுடனேயே பொராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு காயவிடுகிறோம். இந்த மருந்து மழையில் கழுவுண்டு போகும் என்பதால் வெளிறுக் கீலங்களை வீட்டுக்குள் வைக்கும் சாமான்களுக்கு மாத்திரம் எடுப்பேன். வெளிக்கதவுக்கு வைரம் மட்டுமே.

ஒட்டும் நாள்தான் வீட்டில் எல்லோருக்கும் வேலை. மரத்தை அன்றைக்கே சீவ வேண்டும். கிழமைக்கணக்கில் கிடந்த முகத்தில் தூசும் எண்ணெயும் படிந்திருக்கும், பசை பிடிக்காது. தேக்கில் இயற்கையிலேயே எண்ணெய் உண்டு. சீவியவுடன் ஸ்பிரிற் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால் நல்லது. இரண்டு கீலங்களைப் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி சீவ வேண்டும். பசை இடைவெளியை நிரப்பிப் பலம் தராது. வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்கள் ஒரு கீலத்தில் மேல்நோக்கி வளைந்திருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் பலகை முழுவதும் ஒரு பக்கமாகக் குவியாது.

பசையை இரண்டு முகங்களிலும் பூச வேண்டும். எங்கள் வெயிலில் ஐந்து, பத்து நிமிடத்திலேயே மேற்பகுதி தோல் பிடித்துவிடும். அதனால் காலை வெயில் ஏறுமுன் ஒருவர் பூச ஒருவர் அடுக்க ஒருவர் இறுக்குவோம். மெதுமரத்துக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 7 முதல் 10 கிலோ வரை அழுத்தம் வேண்டும். வைரமான மரத்துக்கு 12 கிலோவுக்கு மேல் வேண்டும். கயிறு கட்டினால் இது வராது என்பது இப்போது உங்களுக்கும் விளங்கும். இரும்புக் கிளாம்ப் வாங்க வசதி இல்லாத காலத்தில் ஐயா எனக்கு ஒரு சட்டகம் செய்து தந்தார். இரண்டு தடித்த பனைச் சட்டங்களைக் குறுக்காகப் போட்டு, இரு முனையிலும் முளை அடித்து, பலகைக்கும் முளைக்கும் இடையே இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகிச் சுத்தியலால் தட்ட வேண்டும். தட்டத் தட்ட இறுகும். ஒட்டு முழுவதும் மணி மணியாகப் பசை கசிந்தால் அழுத்தம் சரி. கசியாத இடம் பட்டினி கிடக்கிறது. ஆறாக ஓடினால் பசையை அள்ளிக் கொட்டியிருக்கிறோம். இறுக்கத்தை ஒரு மணித்தியாலத்தில் எடுக்கலாம் என்று போத்தலில் எழுதியிருக்கும். நான் மறுநாள் காலை வரை விடுவேன். 24 மணித்தியாலத்துக்கு முன் சீவ மாட்டேன்.

குட்டைத் துண்டுகளை நீளமாக்குவது வேறு கணக்கு. வெட்டுமுகத்தை வெட்டுமுகத்தோடு ஒட்டினால் நிற்காது. நார்களின் வாய் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். தொழிற்சாலைகளில் இரண்டு கை விரல்களைக் கோர்ப்பது போலப் பற்கள் வெட்டிக் கோர்த்து ஒட்டுவார்கள். அதற்கு இயந்திரம் வேண்டும். கையால் செய்வதென்றால் சாய்வாக வெட்டி ஒட்டலாம். ஓர் அங்குலத் தடிப்புக்கு எட்டு அங்குல நீளச் சாய்வு. பக்கத்துக் கீலத்தில் உள்ள இணைப்பு இதற்கு நேரே வராமல் தள்ளி வர வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் அதே மரத்தில் ஒரு மேலதிகத் துண்டு ஒட்டி வைப்பேன். அதை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு, பிறகு உளியால் பிளந்து பார்ப்பேன். மரநார் கிழிந்து வந்தால் ஒட்டு மரத்தைவிடப் பலம். பசைக்கோட்டில் வழவழப்பாகப் பிரிந்தால் அந்தச் சாமானை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அக்காவின் கதவுக்கு வருகிறேன். புதிய கதவு செய்ய எனக்கு நாலு மாதம் எடுத்தது. காசு வாங்கவில்லை. அந்த நாலு மாதமும் பழைய கதவின் பின்னால் தகரம் அடித்துக் கொடுத்தேன். காய்ந்த தேக்கு வைரம் மட்டும் எடுத்தேன். பசையையும் மாற்றினேன். வெள்ளைப் பசையிலும் வகை உண்டு. ஐரோப்பியத் தரத்தில் டி1 முதல் டி4 வரை குறியிடுவார்கள். டி1 ஈரமே படாத உள் சாமான்களுக்கு. டி3 இடையிடையே ஈரம் படும் இடங்களுக்கு. மழை படும் கதவுக்கு டி4, அதற்கும் மேலே பெயின்ற் அல்லது வார்னிஷ் பூச வேண்டும். போத்தலை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் இந்தக் குறியைத் தேடுங்கள். கதவுக்கு மேலே ஒரு சின்னப் பத்தி இறக்கச் சொன்னேன். அதையும் அக்கா செய்தா.

இன்னொரு விடயத்தையும் எழுத வேண்டும். எங்கள் வளவுகளில் நின்ற மரங்கள் எங்களைப் போலவே யுத்தத்துக்குள் நின்றவை. வேம்பிலும் பனையிலும் செல் துண்டுகள் ஏறியிருக்கின்றன. வேம்பு அதை மூடி வளர்ந்துவிடும். மரக்காலை வாளில் அந்த இரும்பு பட்டால் வாள் பல் போய்விடும், நிற்பவருக்கும் ஆபத்து. அதனால் சந்தேகமான குற்றிகளை முதலாளி ஒதுக்கிவிடுவார். பாதி அரிந்து இரும்பு கண்டதும் நிறுத்தியவற்றை எனக்கு லான்ட்மாஸ்டரில் ஏற்றிக் குறைந்த விலைக்குத் தருவார். மற்றவர்களுக்கு உதவாத இந்த மரம் எனக்கு உதவும். ஏனென்றால் எனக்கு நீளப் பலகை தேவையில்லை. இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறைபட்டிருக்கும். கறை தெரியாவிட்டாலும் பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டிப் பலகையின் இரு பக்கமும் மெதுவாகக் கொண்டு போவேன். மெல்லிய பலகையில் இரும்பு இருந்தால் காந்தம் அந்தப் பக்கம் சாயும். தடித்த குற்றியில் இது பலிக்காது. சாய்ந்த இடத்தின் இரு பக்கமும் நாலு அங்குலம் விட்டுக் கைவாளால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வட்டவாளுக்குக் கொடுப்பேன். அலுமினியத்தையும் பித்தளையையும் காந்தம் காட்டாது. ஆகவே கண்ணும் கவனமாக இருக்க வேண்டும்.

எடுத்த துண்டுகளை ஆரம்பத்தில் ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. ரின் நிறைந்தபோது மாமி அதைப் பழைய இரும்பு வாங்க வந்தவனிடம் கொடுத்துவிட்டு அந்தக் காசுக்குச் சீனி வாங்கிவிட்டா. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நானும் அப்படியே செய்யத் தொடங்கினேன்.

2016 ஆம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி வந்தா. வீட்டுச் சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குக் காசில்லை. கிழமைக் கடன் வேறு. “உங்கடை ஒட்டுப் பலகை நல்ல பலம் எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கு முகட்டு வளை ஒட்டித் தாங்கோ. அரைவாசிக் காசு இப்பவே தாறன்” என்று காசை எடுத்து மேசையில் வைத்தா. அந்த மாதம் எனக்கும் கட்ட வேண்டிய கடன் இருந்தது. மகனின் பாடசாலைச் செலவு இருந்தது. மேசையில் இருந்த காசு இரண்டுக்கும் போதும்.

நான் மாட்டேன் என்றேன்.

வெள்ளைப் பசைக்கு ஒரு குணம் உண்டு. தொடர்ந்து பாரம் ஏறி நின்றால், அதுவும் எங்கள் கூரைக்கடி வெக்கையில், மெல்ல மெல்ல வழுக்கிக் கொடுக்கும். மேசையில் அது தெரியாது. ஓட்டுக் கூரையின் பாரத்தை இரவும் பகலும் தாங்கும் வளையில் வருடக்கணக்கில் அது தொய்யும். பிற நாடுகளில் ஒட்டிய மரத்தால் பெரிய மண்டபங்களையே கட்டுகிறார்கள், உண்மைதான். அவர்கள் பீனோல் ரெசோசினோல், மெலமின் போன்ற வேறு பசைகளைப் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு கீலத்தையும் பலத்துக்குத் தரம் பிரிக்கிறார்கள். இணைப்புகளை இயந்திரத்தில் முறித்துச் சோதிக்கிறார்கள். அதில் ஒன்றும் என் கொட்டிலில் இல்லை. கதவு விட்டால் வெளிச்சம் தெரியும். வளை விட்டால் கூரை பிள்ளைகளின் மேல் விழும்.

அந்தச் சகோதரி நம்பவில்லை. “ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. சாட்டுச் சொல்லாதேங்கோ” என்று கோபித்துக்கொண்டு எழும்பினா. வாசல் வரை போனவவைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னேன். இரண்டு கதவும் நாலு யன்னலும் நான் செய்து தருகிறேன், காசு மாதம் மாதம் தந்தால் போதும், கதவுக்கு வைத்த காசில் நல்ல முற்றிய பனை வளை வாங்குங்கள் என்றேன். அவ பதில் சொல்லாமல் போய்விட்டா. மூன்று மாதம் கழித்து அளவு எழுதிய கடுதாசியோடு மகனை அனுப்பினா. இன்றைக்கும் என்னோடு அதிகம் பேச மாட்டா. ஆனால் காசு முழுவதும் கட்டி முடித்தா.

இப்போது எங்கள் கொட்டிலில் மூன்று பெண்கள் வேலை செய்கிறோம். சமையலறை மேசை, புத்தக அலுமாரி, வெட்டும் பலகை, யன்னல், கதவு என்பன செய்கிறோம். ஒரு உதாரணம் சொல்கிறேன். மூன்றடி நீளம், இரண்டடி அகலமான மேசைத் தட்டுக்கு ஒன்றரை அங்குலக் கீலங்கள் 16 வேண்டும். 24 அங்குலம் சரியாக வரும். ஆனால் ஓரம் சீவ ஒன்று கூட்டி 17 எடுக்க வேண்டும். ஒரு லான்ட்மாஸ்டர் துண்டில் மூன்றில் ஒரு பங்குதான் எங்களுக்குப் பலகையாகும். மிச்சம் விறகும் தூளும். அதை எண்ணாமல் விலை போட்டதால்தான் முதல் வருடம் எனக்கு நட்டம். 2022 இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் பசை விலை ஏறியது. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. கைச்சீவுளி பழகியிருந்தபடியால் வேலை நிற்கவில்லை. ஆகவே இயந்திரம் வாங்குமுன் கைச்சாமான் பழகுங்கள் என்பேன்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு இன்னும் சில வார்த்தைகள். மரத்தூளைச் சும்மா எண்ணாதீர்கள். வைரமரத் தூள் நெடுங்காலம் மூக்கில் ஏறினால் புற்றுநோய் வரக்கூடும் என்று மருத்துவம் சொல்கிறது. வாயையும் மூக்கையும் மூடும் நல்ல மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள். வட்டவாளில் நிற்கும்போது தலைமயிரை இறுக்கிக் கட்டுங்கள், சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் தொங்கக் கூடாது. ஓடும் வாளுக்குக் கிட்டக் கையுறை போடக் கூடாது, வாள் அதைப் பிடித்துக் கையை இழுத்துவிடும். மரம் வாங்கும் இடத்தில் துண்டுக்கும் பற்றுச்சீட்டு எழுதி வாங்கி வையுங்கள். முதலில் வெட்டும் பலகை செய்யுங்கள், பிறகு மேசை, பிறகு யன்னல். மற்றவரின் பாதுகாப்புத் தங்கியிருக்கும் கதவைக் கடைசியில் செய்யுங்கள். நான் அதை முதலில் செய்துதான் பிழைவிட்டேன்.

அக்காவின் மூத்த மகளுக்குப் போன வருடம் கலியாணம். வீட்டுக்கு வெள்ளை அடித்து, கதவுக்கும் புது வார்னிஷ் பூசியிருந்தார்கள். எல்லோரும் பந்தலைப் பார்த்துக்கொண்டு போக, நான் மட்டும் வாசலில் நின்று கதவைச் சாத்தி, ஒட்டு ஒட்டாக விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளே மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு கீற்று வெளிச்சமும் தெரியவில்லை.

“என்ன தங்கச்சி, இன்னும் கதவையே பார்த்துக்கொண்டு நிக்கிறாய், சாப்பிட வாவன்” என்று அக்கா உள்ளே இருந்து கூப்பிட்டா. கதவைத் திறந்துகொண்டு போனேன்.